நிமிடத்துக்குப் பதினைந்து சொட்டு

கூடு என்று சொல்லவே தயக்கம்.
துடைப்பத்து ஈர்க்கு ஆறு,
ஒரு துண்டு கட்டுக்கம்பி,
தோய்பியின் சீப்பிலிருந்து பறந்த முடி கொஞ்சம்.
அதன்மேல் இரண்டு முட்டை.
அவற்றின்மேல் தவிட்டுப்புறா.
பெயின்ட் வாளியில் நான் வைத்த மல்லிகையின்
தூரிலேயே,
தில்லியில் வேறு இடமே காலியில்லை என்பதுபோல.

முனிர்காவில் மூன்றாம் மாடி, மே மாதம்.
குழாயைத் திறந்தால்
நேரே டீத்தூள் போட்டுவிடலாம்.
காலை ஒரு சொம்பு, மாலை ஒரு சொம்பு
குடித்துவந்த செடி.
இனி எங்கே ஊற்றுவது?

விளிம்பில் மெல்லச் சரித்தேன்.
தண்ணீர் பள்ளம் தேடிப் போய்
முட்டைக்கடியில் நின்றது.
அவள் எழுந்திருக்கவில்லை.
ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தாள்,
நேற்றுச் சேர்ந்த மாணவி
ஊசியை எங்கே குத்தப்போகிறாளோ என்று
நோயாளி பார்ப்பதுபோல.

மூன்றாம் நாள் இலைகள் தொங்கின.
காலாவதியானதென்று ஸ்டோரில் ஒதுக்கிய பெட்டியிலிருந்து
ஒரு டிரிப் செட் கேட்டேன்.
‘யாருக்கு?’ என்றார் அன்னம்மா சிஸ்டர்.
‘மல்லிகைக்கு.’
‘எந்த வார்டு?’
நிமிரவே இல்லை.

கொடிக்கயிற்றில் தலைகீழாகப் பாட்டில்.
குழாயின் நுனி
புறாவுக்கு மறுபக்கம், ஒரு விரல் ஆழ மண்ணில்.
உருளையை நெருக்கி, வாட்சைப் பார்த்து எண்ணினேன்:
நிமிடத்துக்குப் பதினைந்து சொட்டு.
ஐந்நூறு மில்லி
பதினோரு மணி நேரம் வரும்.
நைட் ட்யூட்டி முடிந்து நான் படியேறும்வரை.

அவள் அவள் என்கிறேனே,
பகலில் உட்கார்ந்திருந்தது அவன்.
மாலையில் அவள் வருவாள்,
அவன் நகர்வான்,
ஹேண்ட் ஓவர் நோட்டு இல்லை,
என்னோடு லிஃப்ட் வாசலில் நின்று புலம்பும்
அந்தப் பத்து நிமிடமும் இல்லை.

வாடகை வாங்க வந்த டோகஸ்
பாட்டிலையும் பறவையையும் மாறிமாறிப் பார்த்து
‘உயிர் பிழைக்குமா?’ என்றார்.
எதைக் கேட்கிறார் என்று தெரியாமல்
‘பார்க்கலாம்’ என்றேன்,
வார்டில் சொல்கிற அதே குரலில்.

மொட்டு வந்தது. பறிக்கக் கை நீட்டினால்
சிறகை உயர்த்திப் படாரென்று ஓர் அறை.
நுனி கிள்ளவும் விடவில்லை,
காய்ந்த இலை பொறுக்கவும் விடவில்லை.
பூத்தது பூத்தபடி
அவள் முதுகில் விழுந்து பழுத்தது.
ட்யூட்டியில் பூ வைக்கக்கூடாதென்பது எனக்குத்தான்.

புழுதிப்புயல் அடித்த மாலை
நான் வார்டில் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தேன்.
தோய்பிக்கு நாலு முறை போன். ஐந்தாவதில் எடுத்தாள்.
பாட்டில் அடுத்த வீட்டு மாடிக்குப் போயிற்றாம்.
வாளியைக் கட்டிப்பிடித்து
இருபது நிமிடம் குந்தியிருந்தாளாம்.
‘உன் புறா என்னை அடித்தது,
என் வாயெல்லாம் மண்,
வரும்போது ஐஸ்க்ரீம் வாங்கி வா.’

ஒன்று பொரிந்தது.
மஞ்சள் மயிரோடு, அழகென்று சொல்ல முடியாத ஒன்று.
மற்றது பொரியவில்லை.
அதையும் பத்து நாள்
அடியில் வைத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

இப்போது வாளி காலி.
எச்சம் அடைபோல் காய்ந்திருக்கிறது,
கொத்தி மண்ணோடு கலந்தேன்.
அந்த முட்டையையும்.
எடையே இல்லை அதற்கு.

குழாய் இருந்த பக்கம் செடி பச்சை.
மறுபக்கம் முழுக்கச் சுள்ளி.
ஒரு மாதம் கத்திரிக்கோலோடு காத்திருந்தவள்
ஒரே மூச்சில் வெட்டித் தள்ளினேன்.
வாருவதற்குள் தூக்கம் வந்துவிட்டது,
தொட்டிச் சுவரோரம் குவித்துப் போய்ப் படுத்தேன்.

மாலையில் வந்து பார்த்தால்
குவியல் கலைந்திருக்கிறது.
அதிகமொன்றும் போகவில்லை,
ஆறு குச்சி இருக்கும்.
அவ்வளவுதானே அவர்களுக்கு வேண்டும்.

உருளையைத் துடைத்து
பாட்டிலை மறுபடி நிரப்பி வைத்தேன்.